சின்ன மடுவில் எடுத்த மண்

பஸ்ஸில் மைக்கைப் பிடித்துக்கொண்டு நான் சனத்தின் முகத்தைப் பார்த்துக் கதைத்தது ஒரே ஒரு தடவைதான். மற்ற நேரமெல்லாம் முன் கண்ணாடியைப் பார்த்தே கதைத்தேன். பின்னால் இருக்கிறவர்களுக்கு என் முதுகும் கொண்டையும்தான் தெரியும். ஒவ்வொரு ஓகஸ்டிலும் ஒஸ்லோவில் இருந்து ஜேர்மனியின் ஒரு சின்னக் கிராமத்துக்குப் போன எங்கள் யாத்திரை பஸ்ஸில், அந்தக் கிராமத்தின் கதையை நான் ரோட்டுக்குத்தான் சொல்லிக்கொண்டு போனேன்.

இப்போது நான் ஓய்வில். யாத்திரையும் விமானத்தில் போகிறது. போன மாதம் பங்கு இளையோரில் இருந்து ஷாமினி என்ற பிள்ளை ஒஸ்லோவின் அம்மருட்டில் இருக்கிற என் வீடு தேடி வந்தாள். "அன்ரி, நீங்கள் பஸ்ஸிலை சொல்லுறதை எழுதித் தாங்கோ. நாங்கள் ஃபோனிலை கேக்கிற மாதிரிச் செய்யப்போறம். மண் எடுக்கிற கதையையும் எழுதுங்கோ, ஆக்கள் இன்னும் கேக்கினம்" என்றாள். நான் நெடுந்தீவில் ஐந்தாம் வகுப்பு வரை படித்தவள். எழுத்தில் பிழை இருந்தால் பிள்ளைகள் திருத்தட்டும். ஆனால் மண் விஷயத்தில் ஒரு வரியும் குறைக்க வேண்டாம் என்று அவளிடம் சொல்லித்தான் எழுதுகிறேன்.

நோர்வேக்கு வந்து சில வருடங்கள் கந்தோர்க் கட்டடங்கள் துடைத்தேன். பிறகு அல்னாப்ருவில் ஒரு சின்ன பஸ் கொம்பனியில் வேலை கிடைத்தது. ஐந்து பஸ்கள். வந்த பஸ்ஸைக் கழுவி, அடுத்த பயணத்துக்கு ஆயத்தமாக்குவது என் வேலை. யன்னல் சீலை கழுவ வேண்டும், இருக்கைக்கு அடியில் ஒட்டிய சுவிங்கத்தைக் குளிர்மருந்து அடித்து இறுக்கிச் சுரண்ட வேண்டும், கழிப்பறைத் தொட்டியை ஊற்றிக் கழுவ வேண்டும். எல்லாம் தனியாகச் செய்கிற வேலை. யாரோடும் கதைக்கத் தேவையில்லை. எனக்கு அது நன்றாகப் பிடித்திருந்தது.

கொம்பனி முதலாளி பெயர் யூஸ்டைன். அவரே ஒரு பஸ் ஓட்டுவார். உயரமான, மெல்லிய மனிதர். தொடக்கத்தில் அவரை நான் 'சேர்' என்று கூப்பிட்டேன். அவர் திரும்பித் தனக்குப் பின்னால் யார் நிற்கிறார்கள் என்று பார்ப்பார். ஏச மாட்டார், புகழவும் மாட்டார். நான் கழுவி முடித்த பஸ்ஸுக்குள் ஏறி, ஒரு வெள்ளைத் துணியால் ஏதாவது ஓர் இடத்தைத் துடைப்பார். துணியைப் பார்ப்பார். சுத்தமாக இருந்தால் மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டு இறங்கிவிடுவார். ஊத்தையாக இருந்தால் அந்தத் துணியை அதே இடத்தில் விரித்து வைத்துவிட்டுப் போவார். அவ்வளவுதான். இரண்டு தடவைதான் அப்படி வைத்தார். இரண்டு தடவையும் அந்த பஸ் முழுவதையும் திரும்பக் கழுவினேன்.

எங்கள் தமிழ்ச் சனம் முதல்முறை யாத்திரைக்கு பஸ் பிடித்தபோது அவர் என்னிடம் வந்து, "திரேசா, நீயும் வா. யாராவது எண்ண வேண்டும். இவர்களை உனக்குத் தெரியும்" என்றார். நான் மாட்டேன் என்று சொல்ல வாய் எடுப்பதற்குள் போய்விட்டார்.

எண்ணுவதை அவர்தான் பழக்கினார். முகத்தை எண்ணாதே, முகம் அசையும், சிரிக்கும், உன்னைக் கதைக்குக் கூப்பிடும். இருக்கையை எண்ணு. ஒவ்வொரு இருக்கையின் தலைப்பாகத்தையும் கையால் தொட்டுக்கொண்டு முன்னிருந்து பின்னுக்குப் போ. பிறகு பின்னிருந்து முன்னுக்கு வா. கழிப்பறைக் கதவைத் தட்டு. மூன்றாவதாகக் கதவடியில் இறங்கி நின்று, வெளியில் யாரும் இல்லை என்று பார். மூன்றும் சரி வந்தால் "ஸ்டெம்மர்" என்று சொல். கணக்கு ஒத்து வருகிறது என்பதற்கு நோர்வேக்காரர் சொல்லும் சொல் அது. நான் அதைச் சொல்லும்வரை அவர் என்ஜினைத் தொட மாட்டார். மழையோ, கப்பல் புறப்படப் போகிறதோ, எதுவானாலும் கையை மடியில் வைத்துக்கொண்டு கண்ணாடிக்குள் என்னையே பார்த்திருப்பார். "கொண்டுவந்த ஆளை விட்டுவிட்டுப் போகிறது பெரிய பிழை. ஆள் எங்கே நிற்கிறதென்று தெரிந்தால் போகலாம்" என்பார்.

மைக் பிடிக்க வைத்ததும் அவர்தான். கப்பலால் கீல் துறைமுகத்தில் இறங்கி அரைநாள் ஓடவேண்டும். அவர் ஜேர்மன் நன்றாகக் கதைப்பார். அந்த ஊர்க் கோயில் கையேட்டை எனக்கு லேசான நோர்வேஜிய மொழியில் சொன்னார், நான் அதை ஒரு கொப்பியில் தமிழில் எழுதினேன். பல வருடம் அதைத்தான் வாசித்தேன். ஷாமினி கேட்ட பகுதி இதுதான்:

"இந்த வளைவு திரும்ப ஊர் தெரியும். மூன்று பக்கமும் மலை. மலை என்றால் நோர்வே மலை இல்லை, பஸ் மூச்சு வாங்காமல் ஏறுகிற குன்றுகள். மேலெல்லாம் பீச் மரக்காடு. நாலாம் பக்கத்தில் ஆறு. சின்ன ஆறுதான், ஆனால் ஊரைச் சுற்றிக் குதிரை லாடம் மாதிரி வளைந்து போகிறது. அதனால் ஊருக்குள் போகவும் வரவும் ஒரே பாலம்தான். பாலம், கோயில், வீட்டு அத்திவாரம், பன்றிக்கூடு எல்லாம் ஒரே சிவப்புக் கல். வடக்குக் குன்றில் இருக்கிற கல்லுக்குழியில் வெட்டின கல்.

"வீடுகள் மரச் சட்டம் அடித்து இடையில் மண் பூசினவை. வாசலுக்கு மேல் உள்ள மரத்தில் கட்டின வருடமும் ஒரு செபமும் வெட்டியிருக்கும். கோயில் கோபுர மணிக்கூட்டைப் பாருங்கள், ஒரு முள்தான் இருக்கிறது. மணிக்கான முள் மட்டும். நிமிட முள் இந்த ஊருக்குத் தேவைப்படவில்லை.

"ஏறத்தாழ நானூறு வருடத்துக்கு முன்னர் சமயத்தின் பெயரால் முப்பது வருடம் நடந்த சண்டையில் இந்த ஊர் இரண்டு முறை எரிந்தது. சனம் மாதாவின் சுரூபத்தைத் தூக்கிக்கொண்டு கல்லுக்குழிக்குள் போய் ஒளித்தார்கள். சுரூபம் ஒன்றரைச் சாண் உயரம். பேரி மரத்தில் செய்தது. வலது கை இல்லை. கை எப்போது போனதென்று யாருக்கும் தெரியாது, புதுக் கை வைக்கவும் ஊர் விடவில்லை. சுரூபம் இருக்கிற சிற்றாலயத்துக்குப் பின்னால் ஒரு லிண்டன் மரம். மூன்று பேர் கைகோத்தால்தான் கட்டிப்பிடிக்கலாம். உள்ளே கோறை விழுந்து வெறும் பொந்து, இரும்புப் பட்டி போட்டுக் கட்டியிருக்கிறார்கள். ஆற்றங்கரையில் மில். இப்போது மா அரைப்பதில்லை, சில்லு மட்டும் சுற்றும்."

கல்லுக்குழியில் யார் யார் வேலை செய்தார்கள் என்று என் கொப்பியில் இல்லை. கையேட்டிலும் இல்லை.

முதல் வருடம் இதை வாசித்து முடித்து மைக்கைக் கொளுவப் போனேன். அப்போது பின்னிருக்கையில் இருந்து யாரோ ஒருவர் கேட்டார், "திரேசாக்கா, எங்கடை மடுவைப் போலக் கிடக்கு. மடுவிலை மாதிரி இஞ்சையும் மண் எடுக்கலாமோ?"

மன்னார்ப் பக்கத்து மடு மாதாவின் கோயில் மண் பாம்பு விஷத்தை முறிக்கும் என்பது எங்கள் சனத்தின் நம்பிக்கை. முழங்காலில் இருந்து ஒரு பிடி எடுத்து, சீலைத் துண்டில் முடிந்து வீட்டுக்குக் கொண்டுவருவோம். ஜேர்மன் ஊரில் அப்படி எடுக்கலாமா என்று எனக்கு எப்படித் தெரியும்? தெரியாது என்று சொல்லலாம். ஆனால் தெரியாது என்றால் இன்னொரு கேள்வி வரும். இன்னும் கொஞ்சம் மைக்கைப் பிடிக்க வேண்டும். எல்லாரும் என்னைப் பார்ப்பார்கள்.

"ஓம்" என்று சொல்லிவிட்டு மைக்கைக் கொளுவினேன்.

சிற்றாலயத்தைச் சுற்றி எல்லா இடமும் கல் பதித்திருந்தது. பின் மதிலுக்கும் லிண்டன் மரத்துக்கும் நடுவில் மட்டும் வெறும் நிலம், நல்ல இளக்கமான மண். சனம் அங்கே வரிசையாக முழங்காலில் இருந்து செபம் சொல்லி ஆளுக்கொரு பிடி எடுத்தார்கள். நானும் எடுத்தேன். ஊருக்கும் சின்ன மடு என்று பெயர் வைத்தோம். அடுத்த வருடம் கேள்வியே இல்லை, பழக்கமாகிவிட்டது. யாரோ ஒருவர், "அம்மருட்டிலை என்ன பாம்பு கடிக்கப்போகுது?" என்று பகிடி பண்ணினார். பக்கத்தில் இருந்த அவர் மனைவி, "உங்கடை தமக்கை வந்து போறா தானே" என்றா. பஸ் முழுக்கச் சிரித்தது. எட்டு வருடம் அப்படி எடுத்தோம்.

ஒன்பதாவது வருடம் நாங்கள் போனபோது அந்த இடத்தைச் சுற்றி மரமுளை அடித்துக் கயிறு கட்டியிருந்தது. கயிற்றடியில் இல்சே நின்றா. சிற்றாலயக் கதவுத் திறப்பைக் கையில் வைத்திருக்கிற பெண்மணி, என்னைவிடப் பத்து வயது மூப்பு. எட்டு வருடமும் கதவைத் திறந்துவிட்டு, ஒன்றும் கதைக்காமல் தன் வீட்டு யன்னலடிக்குப் போய்விடுவா. என்னைப் போல ஒரு ஆள் என்று நினைத்திருக்கிறேன். அன்றைக்கு அவ யூஸ்டைனிடம், "இந்தப் பெண்ணோடு கதைக்க வேண்டும்" என்றா.

அவ கொஞ்சம் சொல்லுவா, நிறுத்துவா. யூஸ்டைன் மதிலைப் பார்த்துக்கொண்டு எனக்குச் சொல்லுவார்.

ஹிட்லரின் சண்டைக் காலத்தில் போலந்திலும் உக்ரேனிலும் இருந்து பெண்களைப் பிடித்துவந்து இந்தக் கல்லுக்குழியிலும் தோட்டங்களிலும் வேலை வாங்கியிருக்கிறார்கள். அவர்களுக்குப் பிள்ளைகள் பிறந்தன. தாய்மாரைத் திரும்ப வேலைக்கு அனுப்பிவிட்டு, பிள்ளைகளை மில்லுக்குப் பக்கத்தில் ஒரு கொட்டிலில் போட்டார்கள். பால் போதாது. ஒவ்வொன்றாகச் செத்தன. ஊர்ச் சவக்காலைக்குள் அவர்களை விடவில்லை. இந்த மதிலுக்குப் பின்னால்தான் புதைத்தார்கள். பெயரும் எழுதவில்லை, குருசும் நடவில்லை. ஊரில் எல்லாருக்கும் தெரியும், ஒருவரும் வாய் திறப்பதில்லை. இல்சேயின் தாய் தன் கடைசி நாட்களில்தான் மகளுக்குச் சொன்னாவாம்.

பிறகு இல்சே என் பக்கம் திரும்பிச் சொன்னா.

"நீங்கள் வந்த முதல் வருடம் யன்னலால் பார்த்தேன். எங்கிருந்தோ வந்த நீங்கள் சரியாக அந்த இடத்தில் முழங்காலில் இருந்தீர்கள். யாரோ உங்களுக்குச் சொல்லியிருக்கிறார்கள் என்று நினைத்தேன். அடுத்த வருடமும் இருந்தீர்கள். நாங்கள் அந்தப் பக்கம் புல்லு வெட்டக்கூடப் போவதில்லை. எனக்கு வெட்கமாக இருந்தது. ஊர்ச் சபைக்குப் போய், 'தூர தேசத்து ஆட்கள் எங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்குச் செபிக்கிறார்கள், நாங்கள் என்ன செய்கிறோம்' என்று கேட்டேன். நாலு வருடம் கேட்டேன். இப்போதுதான் ஒரு கல் வைக்கச் சம்மதித்தார்கள். அளக்க வந்தவர்கள் இங்கே ஒரு குழி இருக்கிறது, யார் மண் எடுத்தது என்று கேட்கிறார்கள்."

யூஸ்டைன் முதல் தடவையாக என் பக்கம் திரும்பினார். "திரேசா, ஏன் குழி?"

நான் சொன்னேன். பாம்பு விஷத்துக்கு என்று. அதை அவர் ஜேர்மனில் சொன்னபோது இல்சே அந்தச் சொல்லை ஒருமுறை திருப்பிக் கேட்டா. கோபப்பட்டிருந்தால் எனக்கு லேசாக இருந்திருக்கும். கயிற்றைத் தூக்கி, அந்தக் குழியின் ஓரத்தை விரலால் தடவிப் பார்த்தா.

"மேல்மண்தான் போயிருக்கிறது. பிள்ளைகள் ஆழத்தில் இருக்கிறார்கள்" என்றா. "ஆனாலும் இது நாங்கள் எடுத்துத் தரக்கூடிய மண் இல்லை."

திரும்பி வருகிற வழியில் மைக்கை எடுத்தேன். கண்ணாடிக்குள் ரோட்டைப் பார்த்தேன். இதை ரோட்டுக்குச் சொல்ல முடியாது என்று தெரிந்தது. திரும்பினேன். எவ்வளவு முகங்கள்! எல்லாவற்றையும் சொன்னேன். கடைசியில், "மண் எடுக்கலாம் எண்டு நான்தான் சொன்னனான். எனக்கு அப்ப தெரியாது. தெரியாது எண்டு சொல்ல வெக்கமாக் கிடந்தது. எடுத்த மண்ணைத் திருப்பித் தாங்கோ, அடுத்த வருசம் கொண்டுபோய் வைப்பம்" என்றேன்.

"ஒரு பிடி மண்தானே அக்கா, அவையளே கோவிக்கேல்லை எண்டுறியள்" என்றார் ஒருவர்.

"ஒரு பிடிதான். எட்டு வருசம், ஒரு பஸ் சனம்" என்றேன். மைக்கைக் கொளுவினேன். இருந்துவிட்டேன். கப்பலுக்குள் பஸ்ஸை ஏற்றி நிறுத்தியபிறகு யூஸ்டைன், "நானும் எட்டு வருடம் அந்த மதிலில் சாய்ந்து நின்று சிகரட் குடித்தேன். எனக்கு ஜேர்மன் தெரியும். நானும் யாரையும் கேட்கவில்லை" என்றார். அவர் என்னோடு கதைத்ததில் நீளமான கதை அதுதான்.

அந்தக் குளிர்காலம் முழுக்க ஞாயிற்றுக்கிழமைகளில் ஓர் ஐஸ்கிறீம் பெட்டியோடு வீடு வீடாகப் போனேன். மூடி இறுக்கமான பெரிய பெட்டி. ஒரு வீட்டில் காரின் முன் லாச்சிக்குள் கடதாசிகளோடு இருந்தது. இன்னொரு வீட்டில் மாதா படத்துக்குப் பின்னால். துரொண்ட்ஹெய்முக்கு மாறிப்போன குடும்பம் ஒன்று மிளகாய்த்தூள் போத்தலில் போட்டுத் தபாலில் அனுப்பியது, திறந்தவுடன் பத்துத் தும்மல். கார் பழகுகிற பெடியன் ஒருவன் காற்சட்டைப் பையில் இருந்து ஒரு முடிச்சை எடுத்துத் தந்து, "தியரி பாஸ் பண்ணினது இதாலை அன்ரி, ஓட்டத்திலை ஃபெயில் விட்டது என்னாலை" என்றான்.

ஒரு வீட்டில் இங்கே பிறந்த மகள் வாசலிலேயே அழுவாரைப் போல நின்றாள். "அன்ரி, உன்ஷில், மன்னியுங்கோ! அது அம்மாவின்ரை மண் எண்டு தெரியாது. நான் தட்டைத் துடைக்கேக்கை ஸ்டோவ்சூகர் போட்டு இழுத்திட்டன்."

"எப்ப பிள்ளை?"

"முந்தநாள்."

"அப்ப பை இன்னும் அதுக்குள்ளை தானே?"

தூசி இழுக்கும் மெஷினின் பையைக் கழற்றித் தந்தாள். அது என் தொழில். வீட்டுக்குக் கொண்டுவந்து பேப்பரில் கொட்டி அரித்து, தலைமயிரும் தூசியும் போக மண்ணைப் பிரித்து எடுத்தேன்.

கடைசியாக ஸ்டோவ்னருக்குப் போனேன். ரயிலால் இறங்கி, கடைத்தொகுதியைத் தாண்டி, எட்டாம் மாடி. றெஜினா வீடு. மன்னார் ஆள், என் வயதுதான், ஒரு பள்ளிக்கூடச் சாப்பாட்டு அறையில் வேலை. எட்டு வருடமும் யாத்திரைக்கு வந்தவ. எல்லாரும் ஒரு பிடி எடுத்தால் அவ இரண்டு கையாலும் எடுப்பா. பேராசை என்று நானே நினைத்திருக்கிறேன்.

தேத்தண்ணி தந்தா. நான் பெட்டியை மடியில் வைத்திருந்தேன். அவ அதைப் பார்த்துவிட்டு, "பஸ்ஸிலை சொல்லேக்கையே எனக்கு விளங்கினது. நான் தரமாட்டன் திரேசா" என்றா.

"ஏன் றெஜினா?"

என்னைக் கூட்டிக்கொண்டு பல்கனிக்குப் போனா. கண்ணாடி அடைத்த பல்கனி. அங்கே ஒரு பெரிய மண்சட்டி. எட்டு வருட மண்ணும் அதற்குள். நடுவில் முழங்கால் உயரத்துக்கு ஒரு கன்று, குளிருக்கு இலை உதிர்த்து நின்றது. பக்கத்தில் எரிந்த மெழுகுதிரிக் கட்டைகள்.

"இடம்பெயர்ந்து வன்னிக்குள்ளை போகேக்கை என்ரை மூத்தவள் காச்சலிலை போனவள். பதினொரு மாசம். ரோட்டோரம் ஒரு பாலை மரத்துக்குக் கீழை வைச்சிட்டுப் போனனாங்கள். ரண்டு தரம் போய்த் தேடினன். மரமும் இல்லை, ரோட்டும் வேறை. மரித்தோர் திருநாளுக்கு எல்லாரும் சவக்காலைக்குப் போவினம். நான் எங்கை போறது? இதுக்கு முன்னாலை தான் திரி கொளுத்துறனான்." கன்றின் தண்டைத் தொட்டா. "இது நான் நட்டதில்லை. மூண்டாம் வருசம் தன்பாட்டிலை முளைச்சது. அந்த லிண்டன் மரத்தின்ரை விதையாக்கும். முளைச்ச அண்டைக்கு நான் வேலைக்குப் போகேல்லை, திரேசா. என்ரை பிள்ளையை ரண்டாந்தரம் தோண்டி எடுக்கச் சொல்லுறியோ?"

பெட்டியைத் தூக்கிக்கொண்டு எழும்பினேன். கதவடியில் செருப்பைப் போடும்போதுதான் வாயில் வந்தது.

"அங்கை கிடக்கிற பிள்ளையளின்ரை தாய்மாரும் எங்கையோ தேடித்தானே செத்திருப்பினம், றெஜினா."

சொல்லியிருக்கக் கூடாது என்று உடனே நினைத்தேன். அவ கதவைச் சாத்தினா. அதற்குப் பிறகு பூசையில் என்னைக் கண்டாலும் மற்றப் பக்கத்தால் போனா. மற்ற எல்லா மண்ணும் சேர்த்து ஐஸ்கிறீம் பெட்டி மூன்று வந்தது. றெஜினாவின் சட்டி மட்டும் வரவில்லை. ஊர்ச் சபை கல் வைக்கிற நாள் எங்கள் யாத்திரை நாளிலேயே என்று இல்சே எழுதியிருந்தா. குறையோடு போய் அவ முன்னால் எப்படி நிற்பது என்று ஓகஸ்ட் வரை யோசித்தேன்.

புறப்படுகிற நாள் றெஜினா வந்தா. சட்டியை இரண்டு கையாலும் கட்டிப்பிடித்துக்கொண்டு பஸ் படியில் ஏறினா. கன்றில் இலை வந்திருந்தது, இதயம் மாதிரியான இலை. என்னைப் பார்க்கவில்லை. யூஸ்டைன் எழும்பி, முன்வரிசையில் அவவுக்குப் பக்கத்து இருக்கையைக் காட்டினார். சட்டியை அதில் வைத்து, தானே பெல்ட்டைக் கொளுவி இறுக்கினார். நான் இருக்கைகளைத் தொட்டு எண்ணிக்கொண்டு வந்தபோது அந்த இருக்கையில் என் கை நின்றது. எண்ணுவதா, விடுவதா? விட்டுவிட்டு எண்ணினேன். சரி வந்தது.

ஊரில் பாலத்தடியிலேயே சனம் நின்றது. அந்த ஊர் இவ்வளவு சனம் உள்ள ஊர் என்று நான் அன்றுதான் கண்டேன். மதிலடியில் புதுக்கல் இருந்தது, அதே சிவப்புக் கல். பெயர்கள் இல்லை, பெயர்கள் ஒருவருக்கும் தெரியாது. 'இங்கே பிள்ளைகள் இருக்கிறார்கள்' என்று மட்டும் வெட்டியிருந்தது. மூன்று பெட்டி மண்ணையும் நான் குழிக்குள் கொட்டினேன். மிளகாய் மணம் லேசாக வந்தது.

றெஜினா சட்டியோடு வந்து நின்றா. யூஸ்டைனிடம் நோர்வேஜிய மொழியில், "இந்தக் கன்றை இதிலேயே நடலாமா என்று இல்சேயிடம் கேளுங்கள்" என்றா.

இல்சே தலையை ஆட்டினா. கண் கலங்கியிருந்தது. "முடியாது. வேர் கீழே போகும். பிள்ளைகளைத் தொடும். அளந்தவர்கள் ஒன்றும் நடக்கூடாது என்றிருக்கிறார்கள்."

றெஜினா சட்டியைக் கீழே வைத்தா. பிறகு முழங்காலில் இருந்து, கன்றைச் சட்டியோடு சரித்து, வேரோடு மெல்ல இழுத்து எடுத்தா. ஒரு கையால் தண்டைப் பிடித்துக்கொண்டு மற்றக் கையால் வேரைக் குழிக்கு மேல் தட்டினா. ஒவ்வொரு வேருக்கும் நடுவில் விரலை விட்டு, பிள்ளைக்குத் தலை துடைக்கிற மாதிரி, மண்ணை உதிர்த்தா. ஊர் முழுக்கப் பார்த்துக்கொண்டு நின்றது. ஒரு வேரிலும் ஒரு துணிக்கை மண் இல்லாமல் போகும்வரை விடவில்லை. இல்சேயும் பக்கத்தில் முழங்காலில் இருந்தா. பிறகு அந்த ஊர் ஆட்கள் ஒவ்வொருவராக.

எழும்பியபோது றெஜினா என்னிடம், "மண் அவையளின்ரை. இது என்ரை. ஈரச் சீலை ஒண்டு தா" என்றா. அந்தக் குளிர்காலத்துக்குப் பிறகு என்னோடு கதைத்த முதல் சொல். என்னிடம் சீலை இல்லை. யூஸ்டைன் சட்டைப்பைக்குள் இருந்த தன் வெள்ளைத் துணியை எடுத்து, ஆலயத்துக் குழாயில் நனைத்துத் தந்தார்.

பஸ்ஸில் ஏறினோம். முன்னிருந்து பின்னுக்கு எண்ணினேன். பின்னிருந்து முன்னுக்கு எண்ணினேன். கழிப்பறைக் கதவைத் தட்டினேன். இறங்கிக் கதவடியில் நின்று பார்த்தேன். கணக்கு சரி. வெளியில் எங்கள் ஆள் ஒருவரும் இல்லை. மதிலடியில் ஊர்ச் சனம் நின்றது. சட்டி வெறுமையாகப் படியடியில் இருந்தது.

என்ஜின் இன்னும் ஓடவில்லை. யூஸ்டைன் கையை மடியில் வைத்துக்கொண்டு கண்ணாடிக்குள் என்னைப் பார்த்தார். எனக்கு அந்தச் சொல் வரவில்லை. சட்டியில் கொண்டுவந்த ஒருவரை விட்டுவிட்டுப் போகிறோம் என்றுதான் நெஞ்சுக்குள் கிடந்தது.

முன்னிருக்கையில் றெஜினா மடியில் ஈரத்துணி சுற்றிய கன்றோடு இருந்தா. என்னை அண்ணாந்து பார்த்தா.

"என்ன திரேசா, ஆள் குறையுதோ?"

நான் படியடியில் வெறுமையாக இருந்த சட்டியைப் பார்த்தேன்.

"என்ரை மூத்தவள் நிக்கிற இடம் இனி எனக்குத் தெரியும்தானே" என்றா. "சொல்லு. பஸ் வெளிக்கிடட்டும்."

நான் மைக்கை எடுக்கவில்லை. திரும்பி நின்று, "ஸ்டெம்மர்" என்றேன்.

யூஸ்டைன் திறப்பைத் திருப்பினார்.